பிள்ளையார் கப்பல் ஏறுகிறார்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தெற்கு நோக்கிச் செல்கிறவர் கோவளத்தைத் தாண்டிய சிறிது தூரத்திலேயே திருவிடந்தையை அடைகிறார். ஆதிவராகப் பெருமாள் பிராட்டியை இடப்பாகத்தில் ஏந்தி, நித்திய கல்யாணப் பெருமாள் என்னும் திருநாமத்தோடு எழுந்தருளியிருக்கும் அத்திருப்பதியில், விவாகம் கைகூட வேண்டி வருகிறவர்கள் மாலைகளைச் சமர்ப்பித்து, அர்ச்சனை முடிந்ததும் ஒன்றைத் திரும்பப் பெற்றுக் கழுத்தில் அணிந்து, ஒன்பது முறை பிராகாரத்தை வலம் வந்து, அதை வீட்டில் பத்திரப்படுத்தி வைத்திருந்து, கல்யாணம் ஆனபின் தம்பதியராய் வந்து பழைய மாலையைச் சந்நிதியில் சேர்ப்பது நெடுநாளைய வழக்கம். யாத்திரை போன இடத்திலிருந்து வீட்டுக்கு எடுத்துப் போகும் வஸ்துக்களில் இத்தனை இலேசானது வேறில்லை. சுங்கமும் இல்லை, சரக்குக் கூலியும் இல்லை. ஆனால் அதே சாலையில் மேலும் தெற்கே சென்று மாமல்லபுரத்தில் இறங்கிவிட்டால், கண்ணைக் கவர்கிற பொருள்கள் யாவும் கருங்கல்லாய் இருப்பதைக் காண்கிறோம். அவற்றைக் கையில் தூக்கிக்கொண்டு விமானம் ஏற ஒருவராலும் ஆகாது.

மாமல்லபுரம் அந்நிய தேசத்துப் பிரயாணிகள் விரும்பி வருகிற ஊர். 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அவ்வூருக்கு, கொரோனாவின் பிடி தளர்ந்துகொண்டிருந்த 2021-22ஆம் ஆண்டில் தாஜ் மஹாலுக்கு வந்ததைக் காட்டிலும் அதிகமான வெளிநாட்டினர் நுழைவுச்சீட்டு வாங்கி வந்தனர் என்பது மத்திய அரசின் சுற்றுலாப் புள்ளிவிவரம். அர்ஜுனன் தபசையும் ஐந்து ரதங்களையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவரின் காதில் உளியோசை விழுகிறது. இப்போது அதனுடன் கல்லறுக்கும் இயந்திரத்தின் இரைச்சலும் சேர்ந்துகொண்டுவிட்டது. 1957இல் இங்கே தோன்றிய சிற்பப் பயிற்சி நிலையம் பின்னர் அரசினர் கல்லூரியாக வளர்ந்து, கன்னியாகுமரித் திருவள்ளுவர் சிலையை வடிவமைத்த கணபதி ஸ்தபதி போன்றோரின் தலைமையில் தலைமுறை தலைமுறையாகச் சிற்பிகளை உருவாக்கியதன் பயனே தெருவெங்கும் நிறைந்திருக்கும் இச்சிற்பக்கூடங்கள் என்று சொன்னால் மிகையாகாது. அவற்றுள் ஒன்றின் வாசலில், இரண்டடி உயரப் பிள்ளையார் ஒருவர் துதிக்கையை இடப்புறம் சுழித்து மோதகத்தைத் தொட்டபடி வீற்றிருக்கிறார். பிரயாணி நின்று பார்க்கிறார்; விலை கேட்கிறார்; பேரம் படிகிறது. சிலை வாங்குவது அரைமணி நேரத்து விஷயம். அதை வீடு சேர்ப்பதோ சில மாதங்களுக்கு நீள்கிற விவகாரம்.

முதலில் எடையைப் பார்ப்போம். கருங்கல் நீரைப்போல் ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு கனமுடையது. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஓரடியாக உள்ள ஒரு கல் ஏறத்தாழ 78 கிலோ நிறுக்கும். ஆகவே மேற்படி பிள்ளையார், தொந்தியைச் சுற்றிச் செதுக்கித் தள்ளியது போக மீதியளவில், பீடத்தோடு சேர்த்து நூறு கிலோவை ஒட்டி நிற்பார். தபால் இலாகா பெரும்பாலான தேசங்களுக்கு ஒரு பார்சலில் ஏற்றுக்கொள்வது 20 அல்லது 30 கிலோ. எனவே உள்ளங்கைப் பிள்ளையார்களும் மாக்கல்லில் கடைந்த சிறு யானைகளுமே தபாலில் போகத் தகுந்தவை. அந்நாளில் தபாலாபீஸ் வாசலில் தையற்காரர் ஒருவர் உட்கார்ந்து, பெட்டியை வெள்ளைத் துணியால் மூடி நாலாபுறமும் தைத்து, முடிச்சுகளின் மேல் அரக்கு உருக்கி முத்திரை வைத்துக் கொடுப்பார். அரக்கின் வாசனையோடு போய்ச் சேர்ந்த அப்பார்சலைப் பிரிக்க மனமின்றி அப்படியே வைத்திருந்த வெள்ளைக்காரர்களும் உண்டு என்று கேள்வி.

விமானச் சரக்கில் வேறொரு கணக்கு இருக்கிறது. பொருள் இலேசாக இருந்து பெட்டி பெரிதாக இருந்தால், பெட்டியின் நீள அகல உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000த்தால் வகுத்து வருகிற எண்ணையே எடையாகக் கொள்வது கொரியர் நிறுவனங்களின் வழக்கம். 60, 50, 40 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டியில் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை வைத்தனுப்பினால், அது நான்கு கிலோவே நிறுத்தாலும் 24 கிலோவுக்குக் கட்டணம் விதிப்பார்கள். கல்லுக்கு இந்த ஏமாற்றம் கிடையாது. அது தன் நிஜ எடைக்கே கூலி கொடுக்கிறது. அந்தக் கூலியே தாங்க முடியாததாக இருப்பதால்தான் பிள்ளையார் கப்பல் ஏற வேண்டியவராகிறார்.

கப்பலில் தனிச் சாமான்களைப் பலருடைய சாமான்களோடு ஒரே கன்டெய்னரில் சேர்த்து அனுப்புவார்கள். அதற்குக் கட்டணம் கன மீட்டர் அல்லது டன், இவற்றில் எது மிகுதியோ அதன்படி; பெரும்பாலும் குறைந்தபட்சம் ஒரு முழு அலகுக்குக் கொடுத்தாக வேண்டும். கால் கன மீட்டர் பெட்டிக்குள் நூறு கிலோப் பிள்ளையார் தனியே போனாலும், கூட இரண்டு நந்திகளையும் ஒரு புத்தரையும் அழைத்துக்கொண்டு போனாலும், கூலியில் பெரிய வித்தியாசம் இராது. அனுபவமுள்ள கடைக்காரர்கள் இதனால்தான் ஒரே தேசத்துக்குப் போக வேண்டிய இரண்டு மூன்று பேரின் சிலைகள் சேரும்வரை காத்திருக்கிறார்கள்.

இங்கே வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடையில் சொல்லப்படும் அனுப்புதல் தொகை துறைமுகம் வரைக்குமா, வீட்டு வாசல் வரைக்குமா என்று எழுத்தில் கேட்டுப் பெறாதவர்கள் பின்னால் மனம் புழுங்குகிறார்கள். சிலை ஹாம்பர்க்கிலோ மெல்போர்னிலோ இறங்கியதும், இறக்குகூலி, கிடங்கு வாடகை, அவ்வூர்ச் சுங்க முகவரின் ஊதியம், உள்ளூர் லாரி என்று ஒவ்வொன்றாக வருகிற சிட்டைகள் சில சமயம் சிலையின் கிரயத்தையே தாண்டிவிடுவதுண்டு. இதில் கடைக்காரரைக் குறை சொல்ல இடமில்லை. கேட்டது துறைமுகத்துக்கான விலை, கொடுத்ததும் அதுதான்.

இந்தக் கரையிலிருந்து செதுக்கிய கல் கடல் கடந்து போவது புதிதன்று. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் டச்சுக்காரர்கள், இன்றைய ஜகார்த்தாவான பத்தேவியா நகரில் இறந்துபோன தம்மவருக்குக் கல்லறைப் பலகைகளைச் சோழமண்டலக் கரையில் செதுக்குவித்துக் கப்பலில் தருவித்துக்கொண்டார்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைக்குள் இருக்கும் டச்சுக் கல்லறைகளைப் பார்க்கிறவர்களுக்கு, அந்நிய எழுத்தையும் அந்நியக் குலச்சின்னத்தையும் எத்தனை கைத்திறத்தோடு வெட்டியிருக்கிறார்கள் என்பது விளங்கும். துறைமுகம் கட்டப்படாத அக்காலத்தில், கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே அலைகளைத் தாண்டிக் கப்பல் வரையில் சரக்குகளைச் சுமந்து சென்றன. அப்பொழுது கல்லுக்குச் சான்றுச்சீட்டு கேட்பார் எவருமில்லை. 1859இல் அமராவதி ஸ்தூபத்தின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் மதராஸிலிருந்து லண்டனுக்குக் கப்பலேற்றப்பட்டபோதும் ஒருவரும் கேட்கவில்லை.

இன்று கேட்கிறார்கள், இந்த விவகாரத்தில் சுவையான பகுதியும் இதுவே. 1972இல் இயற்றப்பட்டு 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தொன்மைப் பொருள்கள் சட்டத்தின்படி, நூறு வயதுக்குக் குறையாத சிற்பத்தையோ கைவினைப் பொருளையோ தனிமனிதர் எவரும் நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. கையெழுத்துச் சுவடிகளுக்கு அந்த வரம்பு 75 ஆண்டு. மீறியவருக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறை. சுங்க அதிகாரிக்குச் சந்தேகம் தோன்றினால், தொல்லியல் துறையினர் பார்த்து, இது தொன்மைப் பொருள் அல்ல என்று சான்று வழங்க வேண்டும். சென்னை வட்டத்துக்கான அவ்வலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிறது. சிலையின் புகைப்படமும் அளவும் செய்தவரின் விவரமும் விண்ணப்பத்தோடு போகின்றன.

மாமல்லபுரத்துச் சிற்பி தம் ஆயுளெல்லாம் பிரயாசைப்படுவது எதற்காக? சிற்ப அளவுமுறையான தாளப் பிரமாணம் தவறாமல், பல்லவர் கைக்கும் சோழர் கைக்கும் ஈடாகத் தம் கையும் நிற்க வேண்டும் என்பதற்காக. பார்க்கிறவர் நேற்றுச் செய்ததென்று நம்பத் தயங்குவதே அவருடைய பெருமை. அந்தப் பெருமை கைகூடிய அன்றைக்கே, இது நேற்றுத்தான் செய்யப்பட்டது என்று சர்க்கார் முன்னால் அவர் ருசுப்படுத்த வேண்டியவராகிறார்! வேலை சுமாராக இருந்தால் சீட்டுக்குக் கஷ்டமே இல்லை. போதாக்குறைக்கு, பழமையின் சாயல் வேண்டும் என்று விரும்பிக் கேட்கிற வாடிக்கைக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகக் கல்லுக்கு மங்கல் நிறம் ஏற்றிக் கொடுக்கிற கடைக்காரர், தம் சரக்கு துறைமுகத்தில் தாமதப்படுவதற்குத் தாமே வழி செய்துகொள்கிறார் என்பேன். வேடிக்கை இத்தோடு முடியவில்லை. நூறாண்டைக் கடந்த பழம்பொருளுக்கு இறக்குமதித் தீர்வையில் சலுகை காட்டும் மேல்நாடுகள் உண்டு. அங்கே முதுமைக்கு மரியாதை, இங்கே முதுமைக்குத் தடை.

இந்தக் கெடுபிடி அனாவசியமானது என்று எவரும் எண்ண வேண்டாம். அரியலூர்ப் பக்கம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவு போன சோழர் காலத்து நடராஜர், கைவினைப் பொருள்களோடு கைவினைப் பொருளாய் வெளியேறிய விக்கிரகங்களுள் ஒருவர். 2008இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தால் பெருந்தொகை கொடுத்து வாங்கப்பட்டு, 2014இல் அந்நாட்டுப் பிரதமரின் கையாலேயே அவர் இந்தியாவுக்குத் திரும்பினார். அக்களவின் பின்னணியில் இருந்த நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூருக்கு 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது. போலிச் சீட்டோடு பழையது ஒன்று போனதனால், மெய்யாகவே புதிய நூறு சிலைகள் கோட்டை வாசலில் காத்து நிற்கின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய நிலைக்கதவுகளையும் தூண்களையும் பார்த்து மயங்குகிற வெளிநாட்டாருக்கும் இதே சங்கடந்தான். அவற்றுக்காகப் பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு, நூறு வயது நிரம்பிவிட்டால் மறுபடி கப்பல் ஏறலாகாது.

இனி, பெட்டி கட்டும் விதம். கல் அழுத்தத்தைத் தாங்கும், அதிர்ச்சியைத் தாங்காது. உடைவது எப்போதும் விரலும் தண்டும் திருவாசியின் விளிம்புமே. ஆதலால் தேர்ந்த கைகள் சிலையின் முழுப் பாரமும் பீடத்திலேயே தங்கும்படி அதைப் பெட்டியின் அடிச்சட்டத்தோடு அசையாமல் இறுக்கி, கை கால்களைத் தொடாமல் உடலின் திரண்ட பகுதிகளை மட்டும் பஞ்சணை வைத்த குறுக்குச் சட்டங்களால் பிடித்து நிறுத்துகின்றன. சிற்பி கல்லைத் தேர்ந்தெடுக்கும்போது தட்டி ஓசை கேட்பார். மணிபோல் ஒலித்தால் உள்ளே விரிசல் இல்லை. பெட்டியைத் திறக்கிறவரும் அப்படியே மெல்லத் தட்டிக் கேட்டு, ஓசை மழுங்கியிருந்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு உடனே எழுதுவது நல்லது. அதற்கு, எல்லா அபாயங்களுக்குமான கடற்பயணக் காப்பீடு முன்னதாக எடுத்திருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

பெட்டியின் மரத்துக்கும் சட்டம் உண்டு. மரத்தில் ஒளிந்து பூச்சிகள் தேசம் விட்டுத் தேசம் போவதைத் தடுக்க, அதன் உட்பகுதி 56 டிகிரி வெப்பத்தில் முப்பது நிமிஷம் இருக்கும்படி சூடேற்றியோ புகையூட்டியோ, கோதுமைக்கதிர் முத்திரை குத்த வேண்டும் என்பது சர்வதேச விதி. வைக்கோல் திணித்தனுப்பும் பழைய பழக்கத்தை ஆஸ்திரேலியாவும் நியூஸிலாந்தும் அறவே ஏற்பதில்லை. பல மாதம் கடை வாசலில் மழையில் நனைந்து பாசி படர்ந்த சிலையைக்கூட மண்ணும் பாசியும் போகத் தேய்த்துக் கழுவித்தான் அனுப்ப வேண்டும். கடற்கரைக் கடைகளில் மின்னும் சங்கு, சிப்பிகளுள் சில இனங்களும் பவளமும் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. மயிற்பீலி ஏற்றுமதிக்குத் தடை. இவற்றை வாங்காதிருப்பதே உத்தமம்.

போய்ச் சேருமிடத்துத் தீர்வைகள் ஆண்டுக்காண்டு மாறுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோவுக்கு உட்பட்ட சிறு பொருள்களுக்கு இருந்த விலக்கை 2021 ஜூலையில் நீக்கியது. அமெரிக்கா 800 டாலர் வரை அளித்த விலக்கை 2025 ஆகஸ்டில் நிறுத்திய சமயத்தில், நம் தபால் இலாகாவே அந்நாட்டுப் பார்சல்களைச் சில வாரங்கள் ஏற்காமல் இருந்தது. கப்பல் வழியும் நிலையானதன்று; செங்கடல் வழியில் 2023ஆம் ஆண்டின் இறுதியில் தாக்குதல்கள் தொடங்கிய பிறகு, கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்ல நேர்ந்து, ஐரோப்பாவுக்கான பயணம் ஏறத்தாழ இரண்டு வாரம் நீண்டுபோயிற்று.

வாங்குகிறவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரர்கள் என்று நினைத்துவிடலாகாது. டொராண்டோவிலும் லண்டனிலும் குடியேறிய நம்மவர்கள் விடுமுறைக்கு வந்து பூஜையறைக்குப் பிள்ளையாரும், பெண்ணின் கல்யாணத்தில் மிதிப்பதற்கு அம்மியும் சொல்லிச் செய்துகொண்டு போகிறார்கள். புது அம்மிக்குத் தொல்லை ஒன்றுமில்லை. ரசீதும் பெட்டியும் சரியாக இருந்தால் போதும். ஆனால் கொள்ளுப்பாட்டி அரைத்த அம்மியைத்தான் கொண்டுபோவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறவர், சென்றுபோன காலத்தின் கைத்தொழிலையும் பழக்கவழக்கத்தையும் காட்டுகிற எந்தப் பொருளும் நூறாண்டு கடந்திருந்தால் தொன்மைப் பொருளே என்று சட்டம் கூறுவதை நினைத்துக்கொண்டு, அம்மியின் புகைப்படத்தோடு முதலில் கோட்டைக்குப் போய் விசாரித்துவிட்டுப் பெட்டிக்குச் சொல்வது நலம். குழவிக்கும் சேர்த்தே விண்ணப்பிக்க வேண்டும்.