இனத்துக்கு உரிய தொழில்

பெயர் சூட்டும் நாளில், தொட்டிலில் கிடக்கும் குழந்தையிடம் உன் பெயர் என்னவென்று எவரும் வினவுவதில்லை. அந்தப் பொறுப்பு குடும்பத்தினுடையது. கணிப்பொறி மொழிகளில் ‘ஸ்டேடிக் மெத்தட்’ என்று வழங்கும் ஏற்பாட்டின் தத்துவமும் இதுவே.

எண், எழுத்து, தேதி என்று தகவல்களை இனம் பிரித்து வகுத்த இலக்கணத்துக்கு ‘டேட்டா டைப்’ என்று பெயர்; அவ்விலக்கணத்தின்படி உருவாகும் தனிப்பொருளை ‘ஆப்ஜெக்ட்’ என்பார்கள். 1947 ஆகஸ்ட் 15 என்னும் தேதியிடம் கிழமை கேட்டால், தன்னுள் அடங்கிய ஆண்டையும் மாதத்தையும் நாளையும் கொண்டு, வெள்ளிக்கிழமை என்று அது விடை பகரும். ஆனால் அத்தேதியே இன்னும் ஜனிக்காத நிலையில், அதைப் படைத்துத் தரும்படி யாரிடம் விண்ணப்பிப்பது? இனத்திடமே விண்ணப்பிக்க வேண்டும்; இவ்வாறு தனிப்பொருளை நாடாமல் இனமே நேரில் செய்யும் தொழில்தான் ஸ்டேடிக் மெத்தட்.

2014-இல் வெளிவந்த ஜாவா மொழியின் எட்டாம் பதிப்பில் இதற்கு அழகான திருஷ்டாந்தம் உண்டு. அதிலுள்ள ‘லோக்கல்டேட்’ என்ற இனத்திடம், ‘ஆஃப்’ என்னும் ஸ்டேடிக் மெத்தட் வாயிலாக ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் ஒப்படைத்தால் தேதி பிறக்கும். 2023 பிப்ரவரி 29 என்று கேட்டாலோ, அவ்வாண்டில் அப்படி ஒரு நாளே இல்லாமையால், வாசலிலேயே பிழையென்று மறுத்துவிடும். இனமே வாயில் காக்கிறபடியால், பொய்யான தேதி ஒன்று உள்ளே புகுந்து பின்னால் கணக்கைக் குலைக்க வழியில்லை.

அந்தப் பதிப்புக்கு முன்னர், ‘இன்டர்ஃபேஸ்’ எனப்படும் ஒப்பந்த வகை இனங்களில் ஸ்டேடிக் மெத்தட் எழுத மொழி இடங்கொடுக்கவில்லை. ஆகவே அவ்வகையைச் சேர்ந்த ‘கலெக்‌ஷன்’ இனத்துக்கான பொதுக் காரியங்கள் ‘கலெக்‌ஷன்ஸ்’ என்ற வேறொரு வீட்டில் குடியிருக்க நேர்ந்தது. தடை நீங்கிய பிறகு, 2017-இல் வந்த ஒன்பதாம் பதிப்பில், பட்டியல் வேண்டுவோர் ‘லிஸ்ட்’ இனத்தையே நேரில் அணுகி ‘லிஸ்ட்.ஆஃப்’ என்று கேட்கும் வசதி பிறந்தது. தொழில் தன் சொந்த ஸ்தானத்தை அடைந்தது.

ஸ்டேடிக் மெத்தட் எந்தத் தனிப்பொருளையும் சார்ந்ததன்று. ஆகையால் ஒரு பொருளின் அந்தரங்க நிலையைத் தானாக அது அறியாது. நிரல் எழுதப் பழகும் மாணவர்கள் ஒவ்வொரு முறையும் தம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: இச்செயலுக்கு இந்த ஒரு பொருளின் நிலை தேவையா? தேவையானால் அதைப் பொருளிடம் ஒப்படையுங்கள். தேவையில்லையேல் இனத்திடம் ஒப்படையுங்கள்.