கட்டிட விதிகளும் ஆய்வுப் பணியும்

நகர்ப்புறங்களில் கட்டிடம் கட்ட விரும்புவோர் உள்ளாட்சி மன்றத்திடமோ நகர வளர்ச்சிக் குழுமத்திடமோ வரைபட அனுமதி பெற வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. அனுமதி பெற்ற வரைபடத்தின்படிதான் கட்டிடம் எழுகின்றதா என்பதைக் கண்காணிக்கும் பொறுப்பும் அந்த அமைப்பையே சாரும் என்பது அந்த அளவுக்கு உணரப்படுவதில்லை. அனுமதி வழங்கும் பிரிவில் கோப்புகள் குவிகின்றன, காலக்கெடு விதிக்கப்படுகின்றது, தாமதம் நேர்ந்தால் புகார் எழுகின்றது. ஆய்வுப் பிரிவுக்கு இத்தகைய நெருக்கடி ஏதுமில்லை. ஓர் ஆய்வு நடைபெறாமல் போனால் அன்றைய தினம் எவரும் புகார் செய்வதில்லை. அதன் விளைவு பல ஆண்டுகளுக்குப் பின் வெளிப்படுகின்றது. அப்போது அதற்குரிய விலையைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் கட்டியவர்கள் அல்லர், குடியிருப்பவர்களே.

சட்ட அடிப்படை

கட்டிட ஒழுங்குமுறை அடிப்படையில் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. 1992ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்டு 1993 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம், பன்னிரண்டாவது அட்டவணையைச் சேர்த்தது. நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளில் ‘நிலப் பயன்பாட்டையும் கட்டிடங்கள் கட்டுவதையும் ஒழுங்குபடுத்துதல்’ என்பது அந்த அட்டவணையில் இரண்டாவது இடத்தைப் பெற்றுள்ளது.

தொழில்நுட்ப அளவுகோல்களைத் தேசிய கட்டிட நெறித்தொகுப்பு வகுக்கின்றது. 1970இல் முதன்முதலாக வெளியிடப்பட்ட இத்தொகுப்பு 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தி அமைக்கப்பட்டது. இது தானாகவே சட்டமாகிவிடுவதில்லை. மாநில அரசுகளும் உள்ளாட்சி மன்றங்களும் தம் விதிகளில் ஏற்றுக்கொள்ளும்போதே அது கட்டுப்படுத்தும் ஆற்றலைப் பெறுகின்றது. மத்திய அரசு 2016இல் வெளியிட்ட மாதிரிக் கட்டிடத் துணை விதிகளும் இத்தகைய வழிகாட்டியே ஆகும். ஆகவே, நெறிகளுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. அவற்றை மனையில் நடைமுறைப்படுத்தும் அமைப்பே வலுப்பெற வேண்டியுள்ளது.

விபத்துகள் உணர்த்தும் பாடம்

2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் கட்ச் பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் 13,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நிலநடுக்க மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அகமதாபாத்திலும் பல அடுக்குமாடிக் கட்டிடங்கள் சரிந்தன. தரைத்தளம் வாகனம் நிறுத்துவதற்காகச் சுவர்களின்றித் தூண்களின் மேல் மட்டுமே விடப்பட்ட கட்டிடங்கள் பல அவற்றுள் அடங்கும். மேல்தளங்கள் சுவர்களால் விறைப்புப் பெற்றிருக்க, கீழ்த்தளம் மட்டும் நெகிழ்ந்து நின்றமையால் அதிர்வின் முழுச் சுமையும் அத்தூண்களின் மேல் விழுந்தது. நிலநடுக்கத்தைத் தாங்கும் வடிவமைப்புக்கான இந்தியத் தர நெறி 1962 முதலே வழக்கில் இருந்தது என்பது இங்கு எண்ணத்தக்கது.

2013 ஏப்ரல் 4 அன்று மகாராஷ்டிரத்தின் தாணே நகரையடுத்த மும்ப்ராப் பகுதியில், அனுமதியின்றிக் கட்டப்பட்டு வந்த கட்டிடம் இடிந்து விழுந்து 74 பேர் மாண்டனர். மேல்தளங்களில் வேலை நடந்து கொண்டிருக்கும்போதே கீழ்த்தளங்களில் மக்கள் குடியேறியிருந்தனர். மாநகராட்சி அலுவலர்கள் உள்ளிட்ட பலர் கைது செய்யப்பட்டனர். அடுத்த ஆண்டு, 2014 ஜூன் 28 அன்று, சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டுமான நிலையில் இருந்த 11 மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் கட்டுமானத் தொழிலாளர்கள். இக்கட்டிடத்துக்கு முறையான வரைபட அனுமதி இருந்தது.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். ஒன்றில் அனுமதி இல்லை; மற்றொன்றில் அனுமதி இருந்தது. அனுமதித் தாள் இருப்பது மட்டுமே கட்டிடத்தின் உறுதிக்கு உத்தரவாதம் ஆகிவிடாது என்பதே அது.

ஆய்வுக்கு உரிய காலம்

கட்டிடத்தின் வலிமையைத் தீர்மானிக்கும் பகுதிகள் விரைவில் கண்ணுக்கு மறைந்துவிடும் இயல்புடையவை. அடித்தளக் குழியின் ஆழமும் அங்குள்ள மண்ணின் தன்மையும் குழி மூடப்படும் வரையில்தான் தெரியும். தூணிலும் உத்திரத்திலும் உள்ள கம்பிகளின் எண்ணிக்கை, பருமன், வளையக் கம்பிகளின் இடைவெளி ஆகியவற்றைக் கான்கிரீட் இடுவதற்கு முன்புதான் அளக்க முடியும். நிலநடுக்கத்தைத் தாங்க வேண்டிய கட்டிடங்களில் வளையக் கம்பிகளின் முனைகள் 135 பாகை வளைக்கப்பட்டுத் தூணின் உட்புறத்தில் பதிய வேண்டும். 90 பாகை மட்டுமே வளைத்த முனைகள் அதிர்வின்போது பிரிந்துவிடக்கூடும். கம்பி வேலை செய்பவர் சில நிமிடங்களில் சரிசெய்யக்கூடிய இக்குறையைக் கான்கிரீட் இட்ட பின் எந்த அதிகாரியாலும் காண இயலாது.

எனவே ஆய்வுகள் கட்டுமானத்தின் படிநிலைகளோடு இணைக்கப்பட வேண்டும். மனையில் எல்லைக்கோடு குறிக்கும்போது சாலைப்புற, பக்கவாட்டு இடைவெளிகளைச் சரிபார்ப்பது முதற்படி. அடித்தளக் கான்கிரீட்டுக்கு முன் குழியையும் கம்பிகளையும் சோதிப்பது இரண்டாவது படி. ஒவ்வொரு தளத்துக்கும் சென்டரிங் அமைத்துக் கம்பி கட்டியபின் ஆய்வு செய்வது மூன்றாவது படி. பணி முடிந்தபின், நிறைவுச் சான்று வழங்குவதற்கு முன், வெளியேறும் வழிகள், தீயணைப்புச் சாதனங்கள், மாடிப்படியின் அகலம் முதலியவற்றைப் பார்வையிடுவது நான்காவது படி. ஒவ்வொரு கான்கிரீட் பணியின்போதும் 150 மில்லிமீட்டர் அளவுள்ள கனசதுரங்களை வார்த்து, 28ஆம் நாளில் அவற்றின் வலிமையைச் சோதித்த முடிவும் கோப்பில் சேர வேண்டும்.

முதற்படியில் கண்டறியும் தவறைச் சரிசெய்ய ஒரு நாள் கூலி போதும். குடியேறிய பின் கண்டறிந்தால் நேரும் இழப்புக்குக் கொச்சி அருகில் உள்ள மரடு சான்றாகும். கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறிய நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள், உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 2020 ஜனவரி 11, 12 ஆகிய நாட்களில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. முன்னூறுக்கும் மேற்பட்ட வீடுகளின் உரிமையாளர்கள் தம் இல்லங்களை இழந்தனர். நொய்டாவில் விதிமீறிய இரட்டைக் கோபுரங்கள் 2022 ஆகஸ்ட் 28 அன்று தகர்க்கப்பட்டன. நகர அமைப்பின் அலுவலர்களும் கட்டுமான நிறுவனமும் உடந்தையாகச் செயல்பட்டதை உச்ச நீதிமன்றம் 2021ஆம் ஆண்டுத் தீர்ப்பில் கண்டித்திருந்தது. எல்லைக்கோடு குறித்த நாளிலேயே ஓர் அளவுநாடா செய்திருக்கக்கூடிய வேலையை, பின்னர் வெடிமருந்து செய்ய நேர்ந்தது.

ஆள்பலமும் பணிப் பகிர்வும்

எல்லாக் கட்டிடங்களையும் எல்லாப் படிகளிலும் ஆய்வு செய்ய ஆள் எங்கே என்ற வினா எழுவது இயல்பு. இதற்கு விடை காண ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு நகரில் ஆண்டுக்கு 3,000 கட்டிடங்களுக்கு அனுமதி வழங்கப்படுகின்றது. 12 ஆய்வாளர்கள் உள்ளனர். ஒருவருக்கு ஆண்டில் 220 வேலை நாட்கள். அதில் பாதி கோப்புகளுக்கும் நீதிமன்றத்துக்கும் சென்றுவிடுகின்றது. எஞ்சிய 110 நாட்களில் நாளொன்றுக்கு நான்கு ஆய்வுகள் வீதம் ஒருவர் 440 ஆய்வுகளையும், பன்னிருவரும் சேர்ந்து 5,280 ஆய்வுகளையும் செய்ய இயலும். ஒவ்வொரு கட்டிடத்துக்கும் நான்கு ஆய்வுகள் என்றால் 12,000 தேவை. சமமாகப் பகிர்ந்தால் ஒரு கட்டிடத்துக்கு இரண்டு ஆய்வுகள்கூடக் கிடைப்பதில்லை.

அபாயத்தின் அளவுக்கேற்ப வகைப்படுத்தினால் நிலைமை மாறுகின்றது. இவற்றுள் 2,100 சிறு வீடுகள் எனக் கொள்வோம். அவற்றுக்குப் பதிவு பெற்ற பொறியாளரின் சான்றை ஏற்றுக்கொண்டு, ஐந்தில் ஒன்றை மட்டும் முன்னறிவிப்பின்றிச் சோதித்தால் 420 ஆய்வுகள். நடுத்தரக் கட்டிடங்கள் 720க்கும் மும்மூன்று வீதம் 2,160. அடுக்குமாடி, மருத்துவமனை, பள்ளி, திரையரங்கு போன்ற 180 பெரிய கட்டிடங்களுக்கு எட்டு வீதம் 1,440. ஆக மொத்தம் 4,020. மறு ஆய்வுக்கும் புகார் விசாரணைக்கும் 1,260 ஆய்வுகள் எஞ்சுகின்றன. ஆட்களின் எண்ணிக்கை மாறவில்லை; அவர்கள் செல்லும் இடம்தான் மாறியது.

இந்நெறியின் ஒரு பகுதியைச் சில மாநிலங்கள் ஏற்கெனவே பின்பற்றத் தொடங்கியுள்ளன. தெலங்கானா 2020இல் இயற்றிய சட்டம், மிகச் சிறிய மனைகளில் கட்டும் வீடுகளுக்குப் பதிவு மட்டுமே போதும் என்றும், அடுத்த நிலையில் உள்ளவற்றுக்கு உரிமையாளரின் தற்சான்றின் பேரில் உடனடி அனுமதி என்றும் வகுத்தது. தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் சிறு குடியிருப்புகளுக்குத் தற்சான்று முறை தொடங்கப்பட்டது. தற்சான்றினால் மிச்சமாகும் நேரம் பெரிய கட்டிடங்களின் ஆய்வுக்குச் செலவிடப்பட்டால்தான் இம்முறை முழுப் பயன் தரும். அவ்வாறன்றி ஆய்வையே கைவிடுவதற்கு அது சாக்காகிவிட்டால், பொய்ச் சான்றுகள் பெருகுவதைத் தவிர்க்க முடியாது.

நேர்மைக்கான நடைமுறைகள்

ஆய்வாளருக்குள்ள அதிகாரம் பெரிது. அவர்மீதுள்ள மேற்பார்வை சிறிது. இவ்விடைவெளியில்தான் முறைகேடு வேரூன்றுகின்றது. வரைபடத்தை அனுமதித்தவரே மனையையும் ஆய்வு செய்தல் கூடாது. எந்தக் கட்டிடத்துக்கு எந்த ஆய்வாளர் என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்படலாம். ஒரே பகுதியில் ஒருவர் நெடுங்காலம் நீடிப்பதைத் தவிர்க்க வேண்டும். செய்த ஆய்வுகளில் ஒரு பகுதியை உயர் அலுவலர் மறுபடியும் சென்று பார்த்தல் நன்று.

ஆய்வுக் குறிப்பில் ‘திருப்திகரமாக உள்ளது’ என்ற ஒற்றைத் தொடருக்கு இடமளிக்கலாகாது. அளந்த இடைவெளி எத்தனை மீட்டர், கம்பி எத்தனை, வளையங்களின் இடைவெளி எவ்வளவு என்பவற்றை எண்களால் எழுதி, நாளும் நேரமும் இட்டு, புகைப்படத்துடன் பதிய வேண்டும். எண்களை எழுதும் அலுவலர் பின்னர் அவற்றுக்குப் பொறுப்பேற்றாக வேண்டும்.

காலந்தவறாமையும் நேர்மையின் ஒரு கூறே. ஆய்வாளர் வரும்வரை சென்டரிங் வாடகை ஏறிக்கொண்டிருக்கும், கூலியாட்கள் காத்திருப்பர். இத்தாமதமே கையூட்டுக்கு வழி வகுக்கின்றது. அழைப்புக் கிடைத்த இரண்டு வேலை நாட்களுக்குள் ஆய்வு நடைபெறும் என்ற உறுதியைப் பிரிவு அளிக்குமாயின், விதியைப் பின்பற்ற விரும்பும் கட்டுநருக்கு அது பெருந்துணையாகும்.

அபராதமும் வரன்முறையும்

கூடுதலாக ஒரு தளம் கட்டுவதால் ஒருவருக்கு 40 லட்சம் ரூபாய் ஆதாயம் கிடைக்கும் என்றும், அதற்கான அபராதம் 5 லட்சம் என்றும் கொள்வோம். பிடிபடுவது உறுதி என்றாலும்கூட அவர் விதியை மீறுவார். அத்தொகையைக் கட்டுமானச் செலவில் ஒன்றாகவே கருதுவார். சிறிது காலத்துக்கு ஒருமுறை வரன்முறைத் திட்டம் அறிவிக்கப்படும் என்ற எதிர்பார்ப்பு இப்போக்கை மேலும் வளர்க்கின்றது. விதிப்படி இடம் விட்டுக் கட்டியவர் ஏமாந்தவர் ஆகிறார்.

இந்நிலையில் உச்ச நீதிமன்றம் 2024இல் அளித்த இரு தீர்ப்புகள் முக்கியமானவை. டிசம்பர் 17 அன்று அளித்த தீர்ப்பில், அனுமதி பெற்ற வரைபடத்தைக் கட்டுமான இடத்தில் காட்சிக்கு வைத்தல், அவ்வப்போது ஆய்வு செய்து பதிவு செய்தல், நிறைவுச் சான்று பெற்ற பின்னரே மின்சாரம், குடிநீர் முதலிய இணைப்புகளை வழங்குதல் ஆகியவற்றை அது வலியுறுத்தியது. முன்னதாக நவம்பர் 13 அன்று, உரிய அறிவிப்பும் 15 நாள் அவகாசமும் அளிக்காமல் கட்டிடங்களை இடித்தல் கூடாது என்று விதித்தது. சாலை போன்ற பொது இடங்களின் ஆக்கிரமிப்புகளுக்கு இதில் விலக்கு உண்டு. விதிமீறலைத் தொடக்கத்திலேயே தடுக்க வேண்டும், எடுக்கும் நடவடிக்கை சட்டத்தின் வழியிலேயே அமைய வேண்டும் என இவ்விரண்டும் சேர்ந்து நிர்வாகத்துக்கு உணர்த்துகின்றன.

குடியேறிய பின்

நிறைவுச் சான்றுடன் பிரிவின் கடமை முடிந்துவிடுவதில்லை. 1997 ஜூன் 13 அன்று தில்லி உபகார் திரையரங்கில் மூண்ட தீயில் 59 பேர் உயிரிழந்தனர். கூடுதல் இருக்கைகள் வெளியேறும் வழியை அடைத்திருந்தன. 2011 டிசம்பரில் கொல்கத்தா மருத்துவமனை ஒன்றில் ஏறத்தாழ 90 பேரைப் பலிகொண்ட தீ, வாகனம் நிறுத்துவதற்கான அடித்தளத்தைக் கிடங்காகப் பயன்படுத்திய இடத்திலிருந்து பரவியது. கட்டிடத்தின் பயன்பாடு மாறும்போது அதன் அபாயமும் மாறுகின்றது. ஆகையால் மக்கள் பெருந்திரளாகக் கூடும் கட்டிடங்களை ஆண்டுதோறும், மாலை நேரக் கூட்டத்தின்போதே சென்று பார்வையிடுதல் தகும். மும்பையில் 30 ஆண்டுகளைக் கடந்த கட்டிடங்களின் உறுதித்தன்மையைப் பொறியாளரைக் கொண்டு சோதிக்கச் சட்டம் வகை செய்துள்ளது. பிற நகரங்களும் இதைப் பரிசீலிக்கலாம்.

ஆய்வுப் பிரிவின் பணியை மதிப்பிடும் அளவுகோலும் மாற வேண்டும். வசூலித்த அபராதமும் இடித்த சுவர்களும் சாதனைப் பட்டியலில் இடம்பெறுவது வழக்கம். உண்மையில் அவை காலத்தே நடைபெறாத ஆய்வுகளின் கணக்கேயாகும். கான்கிரீட் இடுமுன் ஆய்வு செய்யப்பட்ட கட்டிடங்கள் நூற்றுக்கு எத்தனை, நிறைவுச் சான்று பெற்றுக் குடியேறியவை எத்தனை, அழைப்புக்கும் ஆய்வுக்கும் இடைப்பட்ட நாட்கள் எத்தனை என்ற மூன்று எண்களை ஒவ்வொரு மாநகராட்சியும் ஆண்டறிக்கையில் வெளியிடுமாயின், தம் கூரையை நம்பி உறங்கலாமா என்பதை மக்கள் அறிந்துகொள்ள வழி பிறக்கும்.