ஏரிக்கரையில் ஏறும் வண்டி எது?

முடிச்சூரில் வீடு, உத்திரமேரூர் பக்கம் நாலு ஏக்கர். தாம்பரத்துக்குத் தெற்கே இப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய. வாரத்தில் ஐந்து நாள் ஐ.டி. கம்பெனியோ ஒரகடத்தில் ஷிப்ட்டோ இருக்கும். சனி ஞாயிறில் தென்னங்கன்றைப் பார்க்கப் போக வேண்டும். போகிற வழி நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, ஊராட்சிச் சாலை என்று இளைத்துக்கொண்டே போய், கடைசி ஒரு கிலோமீட்டர் ஏரிக்கரை மண்பாதையாக முடியும். தகராறு எல்லாம் அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டரில்தான். ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் அங்கே கார் போகாது. டூவீலரில் பத்து மூட்டை உரம் போகாது. குட்டி யானை (டாடா ஏஸ்) போகும், திரும்பி வராது.

இந்த நேரம் பார்த்து யூடியூப் ஒரு வண்டியைக் காட்டும். ஜீப்பைவிடக் குட்டை. கதவுக்குப் பதில் வலை. தலைக்கு மேலே இரும்புக் கூண்டு. ஓட்டுபவரும் கூட வருபவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார, பின்னால் டிப்பர் மாதிரி கவிழ்க்கிற தொட்டி. அமெரிக்காவில் ‘சைடு பை சைடு’ என்கிறார்கள். 1988-ல் கவாஸாகி ‘மியூல்’ என்று ஒன்றைப் பண்ணை வேலைக்காக இறக்கியது. பின்னால் ஜான் டீர், யமஹா, போலரிஸ் என்று வரிசை கட்டி வந்தார்கள். போலரிஸ் ரேஞ்சரின் பெரிய மாடல் தொட்டியில் சுமார் 450 கிலோ ஏற்றும். நம் கணக்கில் பத்து மூட்டை யூரியா. அதற்கு மேல் ஒரு டன் டிரெய்லரையும் இழுக்கும். நாலு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்குவதால் கல்லிலும் குழியிலும் உடம்பு அலுங்காது. கிளட்ச், கியர் வம்பு கிடையாது. ஸ்கூட்டர் மாதிரி பெல்ட்டில் ஓடும். காலையில் வைக்கோல் கட்டு, மாலையில் பிள்ளைகளோடு மலைப்பாதை.

பார்த்தால் ஆசை வராதா? வரும். ஆனால் இந்த வண்டி வாங்க நினைப்பவர் ஷோரூமுக்கு முன்னால் போக வேண்டிய இடம் ஆர்.டி.ஓ. ஆபீஸ்.

நம்பர் பிளேட் கிடைக்குமா?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-வது பிரிவுப்படி, பதிவு செய்யாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது. பதிவு செய்ய வேண்டுமென்றால் அந்த மாடல் முதலில் அரசு அங்கீகரித்த சோதனை மையம் ஒன்றில் தேறியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட மையம் ஒன்று நம் ஒரகடத்திலேயே இருக்கிறது. இங்கே விற்பனைக்கு வரும் சைடு பை சைடு வண்டிகள் பந்தயத்துக்கும் ரிசார்ட்டுக்குமான இறக்குமதிச் சரக்கு. சாலைக்கென்று தேறி வந்தவை அல்ல. தாம்பரம் ஆர்.டி.ஓ.வில் போய் டி.என்.11 நம்பர் கேட்டால் கிடைக்காது. மீறி ரோட்டில் இறக்கினால் முதல் தடவையே ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம். அதைவிடப் பெரிய தலைவலி, விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கிடையாது.

தொழிற்சாலை, வேலி போட்ட வளாகம் இவற்றுக்குள் மட்டும் ஓடுவதற்கென்றே அமைந்த வண்டிகளுக்குச் சட்டம் விலக்கு தருகிறது. ஐம்பது ஏக்கர் பண்ணை, சொந்தமாக டிராக் இருப்பவருக்கு அது சரி. நாலு ஏக்கர்காரர் வண்டியை லாரியில் ஏற்றித்தான் தோட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அப்போது அந்த லாரியே உர மூட்டையையும் கொண்டுபோய்விடும்!

போலரிஸ் இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தது. ‘ஸ்போர்ட்ஸ்மேன் 570’ என்ற தன் ஏ.டி.வி.யை 2020-ல் இந்தியாவில் விவசாய டிராக்டர் என்ற வகையில் சான்று வாங்கி, சுமார் எட்டு லட்ச ரூபாய்க்கு இறக்கியது. அது பைக் மாதிரி கால் போட்டு உட்காருகிற வண்டி. குடும்பத்தோடு போகிற சமாசாரம் இல்லை.

ஜெய்ப்பூரில் ஒரு முயற்சி

இந்தியாவுக்கென்றே ஒரு வேலை-குடும்ப வண்டி வரத்தான் செய்தது. ஒரகடத்தில் புல்லட் செய்கிற ராயல் என்ஃபீல்டின் தாய் நிறுவனம் ஐஷர். அதுவும் அமெரிக்க போலரிஸும் சரிபாதி கூட்டாக 2015-ல் ‘மல்ட்டிக்ஸ்’ என்ற வண்டியை ஜெய்ப்பூரில் வெளியிட்டார்கள். ஐந்து பேர் உட்காரலாம். பின் சீட்டை மடக்கினால் சரக்குத் தொட்டி. 510 சி.சி. டீசல் எஞ்சின், 225 மில்லிமீட்டர் தரை இடைவெளி, ஆரம்ப விலை இரண்டே கால் லட்சத்தை ஒட்டி. எனக்கு மிகவும் பிடித்தது அதன் மூன்று கிலோவாட் மின்சார பிளக்தான்: வண்டியை ஓரமாக நிறுத்தி அதிலேயே பம்ப்செட் ஓட்டலாம், கல்யாண வீட்டுக்கு லைட் போடலாம். சிறு வியாபாரியின் தேவையை இவ்வளவு நுணுக்கமாக யோசித்துச் செய்த வண்டி குறைவு.

விற்கவில்லை. 2018-ல் கடையைக் கட்டிவிட்டார்கள். காரணம் ஊகிக்க முடியாததல்ல. அதே காசுக்கும் கொஞ்சம் கூடுதலுக்கும் ஒரு பக்கம் பழைய கார், இன்னொரு பக்கம் 2005-லிருந்து ஊர் ஊராக வேரூன்றிவிட்ட டாடா ஏஸ். பெண் பார்க்கப் போவதற்குக் கார் வேண்டும், சரக்கு அடிக்க ஏஸ் வேண்டும் என்றிருந்த சனத்துக்கு இரண்டுக்கும் நடுவில் ஒரு வண்டி எதற்கு?

இதற்கு நேர் எதிர்க் கூத்து அதே 2018-ல் அமெரிக்காவில் நடந்தது. மஹிந்திரா நம்மூர்ப் பழைய ஜீப்பையே எடுத்து, இரண்டரை லிட்டர் டீசல் எஞ்சினோடு ‘ராக்ஸர்’ என்று பெயர் வைத்து மிச்சிகனில் கட்டி விற்றது. அந்த ஊர்ச் சாலை விதிகளுக்கு அது தேறாது. ஆகவே சைடு பை சைடு வகையில் சேர்த்து, வேகத்தைப் பூட்டி, பண்ணைக்கும் காட்டுப்பாதைக்கும் என்று விற்றார்கள். முகப்பு தங்கள் ஜீப் மாதிரியே இருக்கிறது என்று ஃபியட் கிரைஸ்லர் வழக்குப் போட, முகத்தை மாற்றிக்கொண்டு மறுபடி வந்தது. நாம் யூடியூப்பில் பார்த்து ஏங்குகிற ஜாதி வண்டியின் இடத்தில் அமெரிக்க விவசாயி நம் ஜீப்பை வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தான்!

ஆகவே நான் சொல்வது இதுதான்: தாம்பரத்துக்காரர் தேடுகிற சைடு பை சைடு, நம்பர் பிளேட்டோடு ஏற்கெனவே நம் தெருவில் நிற்கிறது. எந்த உடம்பில் என்பதுதான் கேள்வி.

மூட்டையா, மேடா?

வேலை முக்கால், உல்லாசம் கால் என்றால் என் ஓட்டு பொலேரோ கேம்ப்பர் நாலு வீல் டிரைவுக்கு. ஐந்து பேர் உட்கார்ந்து, பின்னால் ஒரு டன் வரை ஏற்றலாம். ஷோரூமில் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அந்த ஒரு டன்னுக்காகப் போட்ட பின் ஸ்பிரிங் பட்டைகள், காலி வண்டியில் உங்களைத் தூக்கித் தூக்கிப் போடும். இடுப்பு வலிக்காரர் இரண்டு மூட்டை மணலை நிரந்தரமாகவே போட்டு வைக்கலாம். இது பெரும்பாலும் மஞ்சள் போர்டு வண்டி. புதிதில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும், எட்டு வயதுக்குப் பிறகு வருடா வருடமும் எஃப்.சி. காட்ட வேண்டும். பேட்ஜ் வேண்டுமா என்ற பயம் வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியைச் சாதாரண கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்பதை உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. ஆனால் தொட்டியில் ஆள் ஏற்றாதீர்கள், சொந்த மச்சானாக இருந்தாலும்.

உல்லாசம் முக்கால் என்றால் தார். 2020-ல் வந்த புதுத் தாரின் பொறியியல் வேலை நடந்தது செங்கல்பட்டுக்கு முன்னால், மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கும் ஆராய்ச்சி மையத்தில். அந்த வகையில் அது நம் பக்கத்துப் பிள்ளை. 650 மில்லிமீட்டர் தண்ணீர் வரை இறங்கும் என்கிறது கம்பெனி. மூட்டை விஷயத்தில் கஞ்சன். ஃபோர்ஸ் கூர்க்கா முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல் லாக் உள்ள முரடன். சர்வீஸ் சென்டர் எத்தனை தூரத்தில் என்று கேட்டுவிட்டு வாங்க வேண்டும். ஜிம்னி லேசானது, சேற்றில் அதுவே அதன் பலம். இசுஸு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் இரண்டும் வெள்ளை போர்டில் வருகிற கனவான்கள். தொட்டி பெரிசாகத் தெரியும், ஏற்றுகிற எடையில் கேம்ப்பர் கிட்டே நிற்காது. உழவும் உண்டு என்றால் பேச்சே வேண்டாம்: மினி டிராக்டர் வாங்குங்கள், வேளாண் பொறியியல் துறையில் மானியம் விசாரியுங்கள், குடும்பத்துக்கு இருக்கிற காரே போதும்.

நாலு வீல் டிரைவ் இருந்தால் எங்கேயும் போகலாம் என்பது மூடநம்பிக்கை. நம் ஏரிக்கரைக் களிமண்ணை ஒரு தடவை குனிந்து பார்த்தால் தெரியும். முதல் சுற்றில் டயர் பள்ளங்களில் களி அப்பும். இரண்டாவது சுற்றில் டயர் முழுக்க மொழுக்கென்று வழித்த பானை மாதிரி ஆகிவிடும். பிறகு நாலு சக்கரமும் சேர்ந்து வழுக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ரோட்டு டயரை மாற்றி, பள்ளம் அகலமாக இருக்கும் ஏ.டி. (ஆல் டெரெய்ன்) டயர் போடுவதுதான் முதல் செலவு. அதிலும் கம்பெனி அனுமதித்த அளவுக்குள்தான். வண்டியின் மூல வடிவத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்ன பிறகு, ராட்சத டயர் போட்ட ஜீப்புகள் ஆர்.டி.ஓ. கண்ணில் படாமல் ஒளிந்து திரிகின்றன. பாலாற்று மணலுக்கு வேறு வைத்தியம்: டயர் காற்றை 18 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினால் டயர் பரந்து படுத்து மிதந்து போகும். திரும்பி ரோடு ஏறுமுன் காற்றடிக்க, பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரஸர் கையில் இருக்க வேண்டும்.

தண்ணீரைப் பற்றி முடிச்சூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. வரதராஜபுரத்தில் தரைத்தளம் மூழ்கியது. அன்றைக்கு 650 மில்லிமீட்டரும் ஒன்றுதான், 150 மில்லிமீட்டரும் ஒன்றுதான். கம்பெனி சொல்லும் ஆழம் அடிமண் தெரிந்த, நிற்கிற தண்ணீருக்கு. அடையாறு புரண்டு ஓடும்போது படகுதான் வண்டி.

எங்கே ஓட்டுவது என்பதும் விலையில் சேர்த்தி. வண்டலூர், நன்மங்கலம் காப்புக்காடுகளில் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். பள்ளிக்கரணை சதுப்பு நிலமும் வேடந்தாங்கலும் 2022-லிருந்து ராம்சர் பட்டியலில் உள்ளவை. அங்கே டயர் தடம் பதிப்பதை வீரம் என்று ரீல்ஸ் போடுபவர்களோடு எனக்குப் பேச்சு கிடையாது. மழை ஈரம் காயாத ஏரிக்கரையை வண்டி உழுதுவிட்டால் அடுத்த மழையில் அந்தத் தடத்தில்தான் கரை அரிக்கும். கேட்டுவிட்டு ஓட்ட, அறிமுகமானவர்களின் தரிசு நிலம் மதுராந்தகம் பக்கம் கிடைக்காமலா போகும்?

செகண்ட் ஹேண்ட் பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம். கேம்ப்பர், பழைய தார் மாதிரி வண்டிகளில் நாலு வீல் டிரைவைக் காய்ந்த தார் ரோட்டில் போட்டு வளைத்துப் பார்க்கக் கூடாது. முன்னும் பின்னும் ஒன்றை ஒன்று முறுக்கிக்கொண்டு கியர் பெட்டி நோகும். புழுதி மைதானமோ ஈர மண்ணோ பார்த்து நிறுத்தி, லோ கியரில் விழுகிறதா, விழுந்தது திரும்ப எடுபடுகிறதா என்று பாருங்கள். வருஷக்கணக்காக யாருமே போட்டுப் பார்க்காத லீவர் துருப்பிடித்து இறுகிக் கிடக்கும். அடியில் டார்ச் அடித்து, டிரான்ஸ்ஃபர் கேஸ் ஓரம் எண்ணெய்க் கசிவு உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விற்பவர் “அதெல்லாம் பக்காவா இருக்கு சார், இப்போ எதுக்கு மண்ணுல இறக்கணும்?” என்று இழுத்தால் டீக்குக் காசு கொடுத்துவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கக் கிளம்பலாம்.