கடல் கடந்த கல்யாணமும் காமிராவும்

தேர்வில் ஒரு கணக்குத் தவறிப்போனால் அடுத்த தேர்வில் ஈடு செய்துகொள்ளலாம். தாலி கட்டும் கணத்தைத் தவறவிட்ட புகைப்படக்காரருக்கோ மறுதேர்வு கிடையாது. இதை நான் பட்டறிந்தவன்.

சில ஆண்டுகளுக்கு முன் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் என் நண்பரின் மூத்த மகளுக்குத் திருமணம் நடந்தது. தை மாதம், வெளியே வெப்பநிலை -10° செ. மணமகள் காரிலிருந்து இறங்குவதைப் பனியில் நின்று படமெடுத்துவிட்டு மண்டபத்துக்குள் ஓடினேன். கெட்டிமேளம் முழங்கியது. காமிராவில் கண்ணை வைத்தால் எங்கும் ஒரே வெண்புகை! லென்சைத் துடைத்தேன், மறுகணமே மங்கியது. அது தெளிவதற்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிட்டன. இயற்பியல் கற்பிக்கும் எனக்கே இந்தக் கதி!

வரும் தை மாதத்தில் அதே நகரில் இளைய மகளின் திருமணம். “இந்தத் தடவையாவது தாலி கட்டுவதைப் படம் எடுத்துவிடு” என்கிறார் நண்பர். ஆகவே இம்முறை பெட்டி கட்டுமுன் பாடப்புத்தகத்தைத் திறந்தேன்.

லென்ஸ் வியர்த்தது ஏன்?

20° செ. வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 17 கிராம் நீராவி இருக்க இயலும். 0° செ.-இல் 5 கிராம் மட்டுமே. மண்டபத்தின் ஒப்புமை ஈரப்பதம் 50 விழுக்காடு எனக் கொள்வோம். அப்படியானால் அங்குள்ள நீராவி 8.5 கிராம் அளவு. இக்காற்று சுமார் 9° செ.-க்குக் குளிர்ந்தாலே தெவிட்டிவிடும். இதுவே பனிநிலை. -10° செ.-இல் இருந்த என் லென்சைத் தொட்ட காற்று பனிநிலைக்குக் கீழே குளிர்ந்து, நீரைத் துளிகளாக விட்டுச் சென்றது. துடைத்துப் பயனில்லை, துணி நீரைத்தான் எடுக்கும், குளிரை எடுக்காது.

பரிகாரம் எளியது. வெளியே நிற்கும்போதே காமிராவைப் பாலிதீன் பையில் இட்டு இறுகக் கட்டிவிட வேண்டும். உள்ளே வந்ததும் நீர்த்துளிகள் பையின் வெளிப்புறத்தில் படியும். காமிரா உலர்ந்த நிலையிலேயே சூடேறும். இதற்கு ஒரு மணி நேரமாவது ஆகலாம். முகூர்த்தம் அதுவரை காத்திராது! ஆதலால் வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என இரண்டு காமிராக்கள் கொண்டு செல்கிறேன்.

விளக்கின் துடிப்பு

நம் நாட்டு மாறுதிசை மின்னோட்டத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். கனடாவில் 60 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு அலைவிலும் மின்னோட்டம் இருமுறை உச்சம் அடைகிறது. எனவே சில வகை விளக்குகள் இங்கே நொடிக்கு 100 முறையும் அங்கே 120 முறையும் துடிக்கின்றன. நம் கண் இதை உணராது, காமிரா உணரும்.

இங்கு ஷட்டரை 1/100 நொடி திறந்தால் சரியாக ஒரு துடிப்பின் ஒளி கிடைக்கும். அங்கு அதே 1/100 நொடியில் 1.2 துடிப்பு அடங்கும். டிஜிட்டல் காமிராக்கள் பலவற்றில் படத்தின் வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளியைப் பதிவு செய்கின்றன. ஆகவே ஒரு வரிசைக்கு ஒளி மிகுதியாகவும் மற்றொன்றுக்குக் குறைவாகவும் கிட்டி, படத்தில் பட்டை பட்டையாக நிழல் விழும். 1/60 நொடி வைத்தால் முழுதாக இரண்டு துடிப்புகள் அடங்கும், பட்டைகள் மறையும். ஊர் மாறினால் ஷட்டரின் கணக்கும் மாறுகிறது, பார்த்தீர்களா?

மின்சாரமும் மின்கலமும்

அங்கு வீட்டு மின்னழுத்தம் 120 வோல்ட். சார்ஜரில் “100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்” என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை. செருகியின் வடிவத்தை மாற்றும் அடாப்டர் ஒன்று போதும். அது மின்னழுத்தத்தை மாற்றாது என்பதை நினைவில் வையுங்கள்.

குளிரில் லித்தியம் மின்கலத்தின் வேதிவினை மந்தமாகி, அகமின்தடை உயர்கிறது. முழுதும் மின்னேற்றியதுகூடச் சீக்கிரம் ஓய்ந்ததுபோல் தோன்றும். உபரி மின்கலங்களைச் சட்டையின் உட்பையில், உடல் சூட்டில் வைத்திருப்பேன். விமானத்தில் இவை கைப்பையில்தான் செல்ல வேண்டும்.

சாம்பல் நிறப் பனி

காமிராவின் ஒளிமானி தான் காணும் காட்சி நடுத்தர வெளிச்சம் உடையது என்றே எண்ணிக்கொள்ளும். வெண்பனி நிறைந்த காட்சியையும் நடுத்தரமாக்க முயல்வதால் பனி சாம்பல் நிறமாகும்; மணமகளின் முகமும் இருண்டுவிடும். அது காட்டும் அளவைப்போல் இருமடங்கு முதல் நான்கு மடங்கு ஒளி தந்தால் பனி வெண்மையாக வரும்.

நீங்களே செய்து பாருங்கள்

இரண்டு எவர்சில்வர் டம்ளர்களைக் குளிர்பதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் வையுங்கள். பெட்டிக்குள் இருக்கும்போதே ஒன்றைப் பாலிதீன் பையில் இட்டுக் கட்டிவிடுங்கள். பிறகு இரண்டையும் வெளியே எடுங்கள். எது வியர்க்கிறது? அரை மணி கழித்துப் பையைப் பிரித்தால் உள்ளிருக்கும் டம்ளர் எப்படி இருக்கிறது?

இந்தச் சிறு சோதனையை நான் அன்று வீட்டிலேயே செய்து பார்த்திருந்தால், என் நண்பரின் ஆல்பத்தில் ஒரு பக்கம் வெறுமையாக இருந்திராது.