வாடும் மல்லியும் காயும் எண்ணெயும்

மயிலாப்பூர் மாட வீதியில் சாயங்காலம் முழம் கணக்கில் வாங்கும் மல்லிச்சரம் மறுநாள் காலையில் பழுப்பேறிவிடும். அதையே எண்ணெய் வண்ணத்தில் தீட்டினால், தொட்டால் கையில் ஒட்டாத அளவுக்கு வண்ணம் காயவே சில நாட்களாகும். பூ வாடுவது வேகம், வண்ணம் காய்வது தாமதம். 19-ஆம் நூற்றாண்டில் பூக்களைத் தீட்டியவர்கள் இரண்டையும் சமாளிக்கக் கற்றிருந்தார்கள்.

எண்ணெய் வண்ணம் என்பது ஆளிவிதை எண்ணெயில் குழைத்த நிறப்பொடி. நீர்வண்ணத்தில் தண்ணீர் ஆவியாகிவிடும். இந்த எண்ணெய் ஆவியாவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியான படலமாகின்றன. தேங்காய் எண்ணெய்க்கு இந்தக் குணம் கிடையாது. அதில் குழைத்த வண்ணம் எத்தனை நாளானாலும் பிசுபிசுக்கும்.

மெதுவாகக் காய்வதுதான் ஓவியருக்கு வரம். ஈரமாக இருக்கும்போதே ஒரு நிறத்தின் ஓரத்தை அடுத்த நிறத்துக்குள் தூரிகையால் இழைக்கலாம். இதழின் மென்மை அப்படித்தான் பிறக்கிறது. மல்லி வெள்ளைதானே என்று வெள்ளையை அப்பினால் பூ தட்டையாகிவிடும். நிழல் விழும் இதழுக்குப் பச்சை கலந்த சாம்பல், காம்பருகே வெளிர்பச்சை, வெளிச்சம் நேராகப் படும் விளிம்பில் மட்டும் கெட்டியாக ஒரு துளி ஈய வெள்ளை. பூ வாடுமுன் இவ்வளவையும் முடித்துவிட்டால், ஜாடியையும் பின்புலத்தையும் ஆற அமரத் தீட்டலாம்.

முன்பெல்லாம் குழைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்தார்கள். 1841-இல் ஜான் காஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகரக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். மூடிவைத்தால் காயாத வண்ணம் பைக்குள் அடங்கியது. ஆங்கிலேயப் பெண்மணி மரியான் நார்த் இந்தியா உட்படப் பல நாடுகளுக்குப் போய், செடிகளை அவை வளரும் இடத்திலேயே எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். லண்டன் கியூ தோட்டத்தில் 1882-இல் திறக்கப்பட்ட அவரது கூடத்தில் 800-க்கும் மேற்பட்ட ஓவியங்கள் உள்ளன.

ஐரோப்பியர் பெரும்பாலும் பூவை ஜாடியில் வைத்துத் தீட்டினார்கள். நம் பக்கத்தில் பூவுக்கு இடம் கூந்தல். 1873-இல் சென்னை ஓவியக் கண்காட்சியில் ஆளுநரின் தங்கப் பதக்கம் வென்ற ரவிவர்மாவின் ஓவியத்தில், நாயர் பெண்ணொருத்தி மல்லிச்சரம் சூடுகிறாள். கடல் கடந்து வந்த எண்ணெய் வண்ணம் நம் வீட்டு வழக்கத்துக்குள் அவ்வளவு இயல்பாக வந்து சேர்ந்தது.

எழும்பூர் அருங்காட்சியகச் சேகரிப்பில் ரவிவர்மாவின் ஓவியங்கள் உண்டு. பார்க்கும்போது முகத்தோடு நின்றுவிடாதீர்கள். நகையிலும் துணி மடிப்பிலும் முழு வெள்ளை எங்கெங்கே விழுந்திருக்கிறது என்று தேடுங்கள். எத்தனை சிக்கனமாக அதைச் செலவழித்திருக்கிறார் என்பது அப்போது தெரியும்.