டீம்ஸிலிருந்து லேண்ட்லைனுக்கு

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், சொல்கிறேன். ஆபீஸ் லேப்டாப்பில் டீம்ஸ் வழியாகப் பக்கத்து கேபினோடு பேசினால், அந்தப் பேச்சு இணையத்துக்குள்ளேயே முடிந்துவிடும். அதே டீம்ஸிலிருந்து ஒரு வாடிக்கையாளரின் லேண்ட்லைனை அழைத்தால், எங்கேயோ ஓரிடத்தில் அழைப்பு இணையத்தை விட்டு இறங்கி டெலிகாம் லைனில் ஏறியாக வேண்டும்.

அந்த இடத்தில் இருப்பது எஸ்.பி.சி., அதாவது செஷன் பார்டர் கன்ட்ரோலர். 2018-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த 'டைரக்ட் ரவுட்டிங்' முறையில் இதை நிறுவனமே வைத்துக்கொள்ளலாம். கல்யாணத் தரகர் வேலைதான் அதற்கு. இரண்டு வீட்டாரிடமும் அவரவர் பாஷையில் பேச வேண்டும். ஒரு வீட்டின் உள்விவகாரம் மற்ற வீட்டுக்குப் போகக் கூடாது. டீம்ஸ் பக்கம் எல்லாமே பூட்டிய பேச்சு: சிக்னலுக்கு டி.எல்.எஸ்., குரலுக்கு எஸ்.ஆர்.டி.பி. டெலிகாம் பக்கம் பெரும்பாலும் பூட்டு இல்லாத சாதாரண சிப் டிரங்க். பழைய ஆபீஸ் என்றால் 30 பேர் ஒரே நேரத்தில் பேசக்கூடிய பி.ஆர்.ஐ. லைன். குரலுக்கு அங்கே ஜி.711: நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டில் அனுப்புவார்கள்.

என்னைக் கேட்டால், தலைவலி இதிலெல்லாம் இல்லை, நம்பரில்தான். டீம்ஸுக்கு +91 44 என்று தொடங்கும் முழு எண் வேண்டும். சென்னை லைனோ 8 இலக்கத்தோடு நிறுத்து என்கும். எது வந்தால் எதை வெட்டுவது, எதைச் சேர்ப்பது என்று எஸ்.பி.சி.யில் எழுதி வைக்காவிட்டால் மணியே அடிக்காது.

மணி அடித்தும் ஒருவர் குரல் மட்டும் கேட்கிறதா? ஃபயர்வாலைப் பாருங்கள். சிக்னலும் குரலும் வேறு வேறு போர்ட்டில் போகின்றன. குரலுக்கான போர்ட் ஒரு பக்கம் அடைபட்டிருக்கும். அடுத்து, பட்டன்கள் வேலை செய்கின்றனவா என்று பார்க்க ஒரு பேங்க் கஸ்டமர் கேரை அழைத்து, 'தமிழுக்கு 1' என்றதும் 1-ஐ அழுத்துங்கள். மறுபடி மறுபடி அதையே சொன்னால், பட்டன் ஒலி மாறிப் போகும் வழி சரியில்லை.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல், சட்டம். சென்னையில் இருப்பவரின் டெல்லி அழைப்பைக் கம்பெனி நெட்வொர்க்கிலேயே டெல்லி வரை கொண்டுபோய், அங்கே லோக்கல் காலாக இறக்கிக் கட்டணத்தைத் தவிர்க்க முடியாது. அதற்கு 'டோல் பைபாஸ்' என்று பெயர், தடை உண்டு. அதனால் டீம்ஸில் 'லொக்கேஷன் பேஸ்டு ரவுட்டிங்' போடுவார்கள்: சென்னை ஆபீஸில் உட்கார்ந்தால் சென்னை லைன் வழியாக மட்டுமே வெளியே போகலாம். அவரே வீட்டிலிருந்து டயல் செய்தால் அந்த லைன் கிடைக்காது. ஹெல்ப் டெஸ்க்கில் டிக்கெட் போட்டுப் பயனில்லை, அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள்.