மண்ணும் எந்திரமும் – 17: சரிவில் ஏறும் பாப்காட்

சென்ற வாரம் பார்த்த பொக்லைன் ஓரிடத்தில் காலூன்றி நின்று, கையை நீட்டித் தோண்டும். இந்த வார எந்திரம் அப்படி நிற்பதே இல்லை. முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே வேலை செய்யும் குட்டை வண்டி அது. சென்னையில் மாநகராட்சி ஊழியர்கள் குப்பையும் மண்ணும் அள்ளும்போது பலரும் பார்த்திருப்பார்கள். ஊரில் அதை பாப்காட் என்பார்கள். பொதுப்பெயர் ஸ்கிட் ஸ்டியர் லோடர்.

அது பிறந்தது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ராத்ஸே என்ற சிற்றூரில். பட்டறை நடத்திய லூயிஸ் கெல்லர், சிரில் கெல்லர் என்ற சகோதரர்களிடம் ஒரு வான்கோழிப் பண்ணைக்காரர் வந்தார். கொட்டகைத் தூண்களுக்கிடையே புகுந்து எச்சத்தை அள்ள அவருக்கு ஒரு சின்ன வண்டி வேண்டியிருந்தது. 1957இல் மூன்று சக்கர வண்டி தயாரானது. மறு ஆண்டே மெல்ரோ நிறுவனம் தயாரிப்பு உரிமையை வாங்கியது. 1960இல் நான்காவது சக்கரம் சேர்ந்தது. 1962இல் பாப்காட் என்ற பெயரும் வந்தது.

அதன் சக்கரங்கள் காரின் சக்கரம்போல் இடமும் வலமும் ஒடியாது. ஒரு பக்கச் சக்கரங்கள் முன்னால் ஓட, மறுபக்கம் மெதுவாகவோ பின்னோக்கியோ ஓடும். அந்த இழுபறியில் வண்டி தரையைத் தேய்த்துக்கொண்டே நின்ற இடத்தில் சுற்றிவிடும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். குறுகிய கொட்டகையின் சமதளத் தரைக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இருக்க முடியாது. சரிவில் வண்டியைக் கவிழ்ப்பதும் இந்த இரண்டு குணங்கள்தான்.

கொட்டகைக்குப் பிறந்த வண்டிக்குச் சரிவில் என்ன வேலை? கலிபோர்னியாவின் மலையடிவாரங்களைப் பார்த்தால் புரியும். அங்கே கோடை முழுக்க மழையே இருக்காது. புல்லும் புதரும் காய்ந்து கிடக்கும். 1991 அக்டோபரில் ஓக்லாந்து குன்றுகளில் பரவிய தீயில் 25 பேர் இறந்தார்கள். 2018 நவம்பரில் பாரடைஸ் நகரையே அழித்த தீயில் 85 பேர். தீ சமதளத்தைவிட ஏற்றத்தில் வேகமாக ஓடும். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் இரு மடங்காகும் என்பது தீயணைப்பாளர்கள் கையில் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. அதனால் காட்டுத்தீ அபாயமுள்ள பகுதிகளில் வீட்டைச் சுற்றி 100 அடிவரை புதரைக் கட்டுப்படுத்தி வைக்கவேண்டும் என்று அந்த மாநிலச் சட்டம் சொல்கிறது. குன்றின் மேல் வீடு இருந்தால் அந்த 100 அடியில் பாதி சரிவாகத்தான் இருக்கும். கையால் வெட்டினால் நாள்கணக்கில் இழுக்கும் வேலை என்பதால் வாடகைக்கு பாப்காட் வருகிறது, முன்னால் பக்கெட்டுக்குப் பதில் புதர்வெட்டியை மாட்டிக்கொண்டு.

தோளில் தொங்கவிட்டு வரப்புப் புல் அறுக்கும் கருவியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது ஏறக்குறைய ஆறடி அகல இரும்புக் கூடு. பெரிய மாடல்கள் 800, 900 கிலோ எடை. கூட்டுக்கு அடியில் ஹைட்ராலிக் மோட்டார் சுழற்றும் கனமான வட்டத்தட்டு. அதன் விளிம்பில் இரண்டு முதல் நான்கு பிளேடுகள் தடித்த போல்ட்டில் தளர்வாகத் தொங்கும். பாறையிலோ கட்டையிலோ மோதினால் பிளேடு பின்னால் மடங்கி, தப்பித்து, சுழற்சியில் மறுபடி விறைத்துக்கொள்ளும். தட்டின் கனத்தால், ஆபரேட்டர் விசையை நிறுத்திய பிறகும் பிளேடு சற்று நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். நின்றுவிட்டது என்று நம்பி அருகில் போகிறவருக்கு ஆபத்து அங்கே இருக்கிறது.

இனி எடைக் கணக்கு. சரிவு வேலையின் உயிர்நாடி இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும்.

பாப்காட்டின் எஞ்சின் பின்னால் இருக்கிறது. பக்கெட் காலியாக இருந்தால் மொத்த எடையில் ஏறக்குறைய 70 சதவீதம் பின் சக்கரங்களில் விழும். பக்கெட் நிறைந்தால் கணக்கு தலைகீழாகி, பெரும்பங்கு முன்னுக்கு வந்துவிடும். கனமான முனை எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்கட்டும் என்பது விதி. காலி வண்டி ரிவர்ஸில் ஏறி, முன்முகமாக இறங்கவேண்டும். சுமையுள்ள வண்டி முன்முகமாக ஏறி, ரிவர்ஸில் இறங்கவேண்டும். அமெரிக்க அரசின் பணிப்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1998இல் இந்த வண்டிகளைப் பற்றித் தனியாக ஓர் எச்சரிக்கைக் கையேடே வெளியிட்டது. சரிவில் நேராக ஏறி நேராக இறங்கு, கனமான முனையை மேலே வை என்பது அதில் உள்ள முக்கியமான அறிவுரைகளில் ஒன்று.

புதர்வெட்டி மாட்டினால் கனமான முனை எது? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வண்டியின் மாடல், வெட்டியின் எடை, வண்டியின் தூக்கும் கை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற மூன்றையும் பொறுத்தது. வண்டியின் கையேட்டையும் வெட்டியின் கையேட்டையும் சேர்த்துப் படித்துத்தான் முடிவு செய்யவேண்டும். இதில் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. தரையோடு தவழவிட்டு வெட்டும்போது வெட்டியின் எடையில் ஒரு பங்கைத் தரை தாங்குகிறது. சரிவின் நடுவே, உயரமான புதரை உச்சியிலிருந்து அரைக்கலாம் என்று ஆபரேட்டர் வெட்டியைத் தூக்கினால், அந்த எடை முழுவதும் ஒரே நொடியில் முன் சக்கரங்களுக்கு வந்துவிடும். ஈர்ப்பு மையமும் உயரும். வண்டி கீழ்நோக்கி நிற்கும்போது இதைச் செய்தால் பின் சக்கரங்கள் மண்ணை விட்டுக் கிளம்பிவிடும். சமதளத்தில் தினமும் செய்கிற வேலை என்பதால் கை தானாகவே லீவரைத் தேடும். அந்தப் பழக்கத்தைச் சரிவுக்குக் கொண்டுவரவே கூடாது.

சரிவுக்குக் குறுக்கே ஓட்டுவது இன்னும் மோசம். 15 டிகிரி சரிவில் குறுக்காக ஒரு வண்டி போகிறது என்று வைத்துக்கொள்வோம். சக்கரங்களின் இடைவெளி ஒன்றரை மீட்டர். கீழ்ப்பக்கச் சக்கரம் 15 செ.மீ. ஆழமுள்ள அணில் வளையில் இறங்குகிறது (கலிபோர்னியாவில் தரை அணில்கள் மண்ணுக்குள் வளை தோண்டி வாழும்). சாய்வு ஏறக்குறைய 6 டிகிரி கூடிவிட்டது. அதே நேரம் மேல்பக்கச் சக்கரம் புல்லுக்குள் மறைந்த 15 செ.மீ. கட்டையில் ஏறினால் இன்னொரு 5, 6 டிகிரி. 15ஐ மட்டும் நம்பி வந்த வண்டி இப்போது 26 டிகிரிக்கு மேல் சாய்ந்து நிற்கிறது. அங்கே திரும்பவும் முயன்றால் சக்கரங்கள் மண்ணைச் சீவிக்கொண்டு பக்கவாட்டில் வழுக்கும். திருப்பத்தைச் சமமான இடத்தில் வைத்துக்கொள்வது தவிர வேறு வழியில்லை.

அதனால்தான் அனுபவமுள்ள ஆபரேட்டர் முதலில் கேபினில் ஏறுவதில்லை. சரிவை நடந்து பார்க்கிறார். பாறை, கட்டை, வளை, அறுந்த முள்கம்பி கண்ட இடத்தில் எல்லாம் கொடி நடுகிறார். சாய்வை அளக்கிறார், அதற்குக் கைபேசியே போதும். அளக்கும்போது சதவீதமா டிகிரியா என்று பார்ப்பது அவசியம். 30 சதவீதச் சரிவு 17 டிகிரிக்கும் குறைவு. 30 டிகிரிச் சரிவு என்றாலோ 58 சதவீதம். ஏறத்தாழ இரு மடங்கு செங்குத்து. ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் அளந்ததே வீண்.

வண்டி சாயத் தொடங்கிவிட்டால்? குதித்துத் தப்பிக்கத்தான் மனம் துடிக்கும். ஆனால் இந்த வண்டியில் வாசல் முன்பக்கம், தூக்கும் கைகளுக்கு நடுவில். அதற்கு நேர் எதிரே வெட்டி. வெளியே பாய்கிறவர் சுழலும் பிளேடுக்கு முன்னோ, கவிழும் கூண்டுக்கு அடியிலோதான் விழுவார். கேபினைச் சுற்றியுள்ள இரும்புக் கூண்டு உருண்டாலும் நசுங்காதபடி கட்டப்பட்டது. சீட் பெல்ட் போட்டு உள்ளே இருப்பவரைத்தான் அது காக்கும். உருண்டு நின்ற பிறகு வெளியேறப் பின்கண்ணாடியை அவசர வழியாகக் கழற்றலாம்.

கல் தெறிப்பதும் சின்ன விஷயமல்ல. பல நிறுவனங்களின் கையேடுகள் 300 அடிக்குள், அதாவது 90 மீட்டருக்குள், வேறு யாரும் நிற்கக்கூடாது என்கின்றன. சரிவில் கீழே சாலையோ வீடோ இருந்தால், தெறித்த கல் உருண்டு இன்னும் தூரம் போகும். சாதாரணக் கதவுக் கண்ணாடி இதற்குத் தாங்காது. தடித்த பாலிகார்பனேட் கதவு வேண்டும்.

தீயைத் தடுக்கப் போன இடத்தில் தீ பிடித்ததும் உண்டு. 2009 மே மாதம் சாண்டா பார்பராவில் ஜெசுசிட்டா தீ 80 வீடுகளை அழித்தது. மலைப்பாதையில் எந்திரக் கருவியால் புதர் வெட்டிய வேலையிலிருந்தே அது கிளம்பியது என்று விசாரணை முடிவு சொன்னது. அது கையில் பிடித்து இயக்கும் கருவி. பாறையில் மோதும் பாப்காட் பிளேடும் பொறி கிளப்பும். காலை 10 மணிக்கு முன்பே வெட்டி முடி, காற்று வீசும் வறண்ட நாளில் தொடவே தொடாதே என்கிறது கலிபோர்னியா தீயணைப்புத் துறை.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில சரிவுகள் பாப்காட்டுக்கு ஆனவை அல்ல. ஓக்லாந்து நகர நிர்வாகம் செங்குத்தான பகுதிகளில் ஆட்டு மந்தையை மேய விடுகிறது. தொலைவில் பாதுகாப்பாக நின்று ரிமோட்டில் இயக்கும், தாழ்வான சங்கிலித்தட வெட்டிகளும் வந்துவிட்டன. மிச்சத்துக்கு ஆட்கள் கையால் வெட்டவேண்டியதுதான். செலவு கூடும், நாள் கூடும். கையேட்டில் உள்ள எல்லையைத் தாண்டி வண்டியை ஏற்றச் சொல்லும் ஒப்பந்தக்காரருக்கு மறுப்புச் சொல்லும் உரிமை ஆபரேட்டருக்கு இருந்தே ஆகவேண்டும்.

வெளிநாட்டிலோ உள்ளூரிலோ இந்த வண்டி ஓட்டுகிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், இன்று இரவு பேசும்போது இரண்டே கேள்வி கேளுங்கள்: சீட் பெல்ட் போடுகிறாயா? சரிவை அளந்த பிறகுதான் ஏறுகிறாயா?

(தொடரும்)